உயிர் காலேஜ் மட்டும் வேண்டாம் என்றவர்

என் தங்கைக்கு வந்த இரண்டாவது வரனை விசாரிக்கத்தான் நானும் என் தாய்மாமாவும் மெட்ராஸுக்குப் போனோம். ஆனால் ஊரில் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. மெட்ராஸ் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொன்னோம். மாப்பிள்ளைக்கும் அதையே சொல்லி அனுப்பியிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம். ஒருவரை விசாரிக்க வருகிறோம் என்று முன்னாலேயே சொன்னால் அவர் மனம் நோகும். சொல்லாமல் போய் அக்கம்பக்கத்தில் கேட்டால் பிற்பாடு தெரிந்து சண்டை வரும். அதனால், "எங்க மாமா மெட்ராஸே பாத்ததில்ல, கொஞ்சம் சுத்திக் காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டு போவது. ஒரு நாள் முழுக்க ஒரு ஆளோடு அலைந்தால் அவன் குடிப்பவனா, கோபக்காரனா, கடன் வாங்கியவனா என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும் என்பார்கள். கூட்டிப் போகிறவனுக்கும் விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாதது போல இருப்பான்.

முதல் வரனுக்கு நாங்கள் இதைச் செய்யவில்லை. சூளூர்ப்பேட்டைப் பக்கத்து ஆள். நல்ல மாதிரி என்று வந்தவர்கள் சொன்னார்கள், நம்பினோம். பந்தல்கால் நடுவதற்கு முந்தின நாள் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தாள். "உங்க மாப்பிள்ளையோட கொழந்த இது" என்றாள். தெருவே கூடிவிட்டது. அம்மா அந்தப் பெண்ணுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். அதற்குப் பிறகு என் தங்கை பகலில் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போவதை விட்டுவிட்டாள். விடிவதற்கு முன்னால் போய் வந்துவிடுவாள். இரண்டு வருஷம் எந்த வரனும் வரவில்லை.

இந்த வரனை வளையல் விற்க வரும் ஒரு அம்மாள் கொண்டுவந்தாள். மெட்ராஸில் சர்க்கார் உத்தியோகம், ஆபீஸில் எழுதுகிற வேலை, அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான், சொந்தமாகத் தண்ணீர்க் குழாய் உள்ள வீடு என்றாள். இவ்வளவு நல்ல வரன் ஏன் கும்மிடிப்பூண்டி தாண்டி எங்கள் கிராமத்துக்கு வருகிறது என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். சர்க்கார் உத்தியோகக்காரனுக்கு மெட்ராஸில் பெண்ணா இல்லை?

அப்போது இங்கே இப்போதிருக்கிற கம்பெனிகள் ஒன்றும் வரவில்லை. நான் ஒரு அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலையில் இருந்தேன். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. புது மனிதர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அரை நாள் பக்கத்திலேயே நின்றுவிட்டு, கேட்காமலே திரும்பி வந்துவிடுவேன். அப்பாவும் இல்லை. ஆரம்பாக்கத்திலிருந்து மாமாவை வரவழைத்தது அதனால்தான்.

"நீ பேச வேணாம். பாத்துகினு மட்டும் வா. பேசறதெல்லாம் உங்க மாமா பேசிக்குவான்" என்றாள் அம்மா.

தங்கை புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "ண்ணா, இன்னா வேலைன்னு மட்டும் பாத்துட்டு வந்துடாத. பொண்டாட்டி கீறாளான்னு பாரு. புள்ள கீதான்னு பாரு."

மில்லுக்கு அமாவாசையில்தான் விடுமுறை. அந்த அமாவாசையில் காலை வண்டி ஏறினோம். கரி என்ஜின் வண்டி. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, பார்க்க வேண்டிய இடங்களை விரல் மடித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். லைட் அவுஸ், பீச், பதினாலு மாடிக் கட்டடம், செத்த காலேஜ், உயிர் காலேஜ். மெட்ராஸ் போய் வந்த எவரையும் எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் கேட்பது கடைசி இரண்டையும்தான். பாடம் செய்த மிருகங்களும் எலும்புகளும் இருக்கிற மியூசியம் செத்த காலேஜ். உயிரோடு மிருகங்கள் இருக்கிற மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். அந்த இரண்டையும் பார்க்காமல் வந்தவன் மெட்ராஸுக்கே போகவில்லை என்று பேசுவார்கள்.

"நான் இதுக்காகத்தாண்டா வந்தேன் நைனா. மாப்ள கீப்ளயெல்லாம் அப்பறம்" என்றார் மாமா.

சென்ட்ரலில் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார் அவர். கறுத்த, கட்டுமஸ்தான ஆள். வெள்ளைச் சட்டை. சட்டையின் தோள் அவர் தோளைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தது, இரவல் சட்டை என்று பார்த்ததுமே தெரிந்தது. முகத்தில் பவுடர். கும்பிட்டார். மாமா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னா மாப்ளே, எங்கள பேஜாரு பண்ணாம நல்லா சுத்திக் காட்டணும்" என்றார். இன்னும் ஒன்றும் முடிவாகாதபோதே மாப்பிள்ளை என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மாமா கேட்டார். "உயிர் காலேஜ் இங்கதான பக்கத்துல? மூர் மார்க்கெட்டுக்குப் பின்னாலன்னு சொன்னாங்கோ. மொதல்ல அத்த பாத்துடலாம்."

அவர் முகம் மாறியது. "இன்னிக்கு லீவுங்க" என்றார்.

"லீவா? மிருகத்துக்கு இன்னாய்யா லீவு?"

"அமாவாசைக்கு மூடிடுவாங்க."

அமாவாசைக்கு அரிசி மில் மூடும். மிருகக்காட்சி சாலை மூடுமா? நான் அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு குடும்பம் சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் எங்களைச் சாலையின் மறுபக்கம் கூட்டிப்போனார். மூர் மார்க்கெட் தாண்டுகிற வரைக்கும் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தபடியே வந்தார். அவ்வளவு வெயில் இன்னும் ஏறவில்லை.

அந்தப் பக்கத்தில் அவரை யாரோ பார்த்துவிடக் கூடாது என்று தோன்றியது. அந்தப் பக்கத்தில்தான் எங்கேயோ அவருக்கு இன்னொரு வீடு இருக்க வேண்டும்.

முதலில் ஐகோர்ட் லைட் அவுஸுக்குக் கூட்டிப்போனார். சுற்றிச் சுற்றிப் போகிற படி. பாதியில் மாமா மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். "கலெக்டராக்கறேன்னாலும் இதுக்கு மேல ஏற மாட்டேன்" என்றவரை இருவரும் கை கொடுத்து ஏற்றினோம். மேலே நல்ல காற்று. கப்பல்கள் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தன. எது துறைமுகம், எது கோட்டை என்று அவர் காட்டிக்கொண்டு வந்தார்.

"உன் ஆபீஸ் எங்க மாப்ளே?" என்றார் மாமா.

அவர் சென்ட்ரல் பக்கம் கை நீட்டினார். "அங்க மரமா தெரியுதே, அந்தாண்ட."

"மரத்தடியிலயா ஆபீஸு?"

"உள்ள தோட்டமாட்டம் இருக்கும்."

கையை நீட்டியபோது காற்றில் சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நான்கு கோடுகள். நகத்தால் பிறாண்டியது. காய்ந்து பக்குக் கட்டியிருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"முள்ளுக் கம்பி கிழிச்சிடுச்சு" என்றார். நான் கேட்கவே இல்லை.

முள்ளுக்கம்பி ஒழுங்காக நான்கு கோடு போடாது. எங்கள் தெருவில் ஒருவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டால் மறுநாள் அவன் கை இப்படித்தான் இருக்கும்.

அங்கிருந்து பீச். பகல் பதினொரு மணிக்குப் பீச்சுக்கு யார் போவார்கள்? ஒரு ஈ காக்கை இல்லை. மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி, நாலு அடி வைத்ததும் குதிக்க ஆரம்பித்தார். "ஐயோ நைனா, அடுப்புல கால வெச்ச மாதிரி கீது" என்று ஓடிப்போய்க் கடலில் நின்றார். நானும் அவரும் தனியாக நின்றோம். எனக்குப் பேச வாய்ப்பு அதுதான். வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். ஐந்தாறு தடவை தொண்டையைச் செருமினேன்.

"தண்ணி வேணுங்களா?" என்றார் அவர்.

"வேணாம்" என்றேன். அதோடு முடிந்தது.

அவர் பக்கத்தில் நின்றபோது பவுடருக்குக் கீழே ஒரு வாடை வந்தது. பீடி இல்லை. சாராயம் இல்லை. எனக்குச் சாராய வாடை நன்றாகத் தெரியும். மாட்டுக் கொட்டகை வாடை போல, ஆனால் மாடும் இல்லை. அதைவிடக் காட்டமாக இருந்தது. சர்க்கார் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவர் மேல் இந்த வாடை எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது அவர் அந்த வெயிலிலும் கடை போட்டு உட்கார்ந்திருந்த ஒரே ஒரு கிழவியிடம் பொரி உருண்டை வாங்கினார். ஒரு பொட்டலம் நிறைய. எங்களுக்குத் தருவார் என்று பார்த்தேன். தரவில்லை. கர்ச்சீப்பில் வைத்து முடிந்து, இரவல் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பெரிய ஆம்பிளை தனக்காகப் பொரி உருண்டை வாங்குவானா? அது குழந்தைக்குத்தான் என்று எனக்கு முடிவாகிவிட்டது. வாசலில் வந்து உட்கார்ந்த பெண்ணும் அவள் மடியிலிருந்த குழந்தையும் என் கண் முன்னால் வந்தார்கள்.

மாமா ஈர வேட்டியோடு வந்தார். "இன்னா கடலுப்பா! எங்க ஊரு ஏரி மாதிரி பத்து சேக்கலாம்." மாமாவைத் தனியே அழைத்துப்போய்ப் பொரி உருண்டையைப் பற்றிச் சொன்னேன்.

"டேய், அவுங்க அம்மாவுக்கா இருக்கும்டா."

"பல்லு போன அம்மாவுக்கா?"

"பல்லு போச்சுன்னு உனக்கு யார் சொன்னது? நீ ஒருத்தன். மொதல் வரன்ல சந்தேகப்படாம உட்டுட்டு, இந்த வரன்ல பொரி உருண்டை மேலயெல்லாம் சந்தேகப்படற."

மவுண்ட் ரோடில் அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்தை எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தோம். மாமா மாடிகளை எண்ண ஆரம்பித்து எட்டுக்கு மேல் தவறிவிட்டார். "இதுல வேல செய்யறவன் தண்ணி குடிக்கக் கீழ எறங்கணும்னா இன்னா ஆகறது?" என்றார். அங்கே நின்ற நேரத்துக்குள் எங்களைக் கூட்டி வந்தவர் வழியில் போன இரண்டு பேரிடம் மணி கேட்டுவிட்டார். ஒன்றே முக்கால் என்று ஒருவர் சொன்னதும், "ஐயோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பக்கத்துச் சந்தில் ஒரு ஓட்டல் வாசலில் உட்கார்ந்து எங்கள் புளிச்சோற்றைப் பிரித்தோம். அவர் எங்களுக்காக வடையும் காபியும் வாங்கி வந்தார். சாப்பிடுவதற்கு முன்னால் பாண்ட் பையிலிருந்து ஒரு சின்னச் சோப்புத் துண்டை எடுத்து முழங்கை வரைக்கும் கழுவினார். அலம்பி முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார்.

"ஆபீஸ்ல மசி ஒட்டிக்குமா மாப்ளே?" என்றார் மாமா.

"பழக்கமாய்ட்டுது" என்றார். சோறு அவருக்கு இறங்கவில்லை. என் தங்கை கைப்பக்குவம் அன்றைக்கு நன்றாகவே இருந்தது. பாதியில் இலையை மடித்தவர், "இந்நேரம் துன்னுருக்குமோ இன்னமோ" என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

எனக்குக் கேட்டுவிட்டது. எழும்பூர் போகிற பஸ்ஸில், ஊருக்குப் போய்த் தங்கையிடம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். முதல் தடவை அவள் அழவில்லை. இந்தத் தடவையும் அழமாட்டாள். விடிவதற்கு முன்னால் எழுந்து தண்ணீருக்குப் போய்க்கொண்டே இருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

செத்த காலேஜில் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். திமிங்கல எலும்பைப் பார்த்து, "இதுக்குள்ள எங்க ஊடு மொத்தமும் போயிடும்" என்றார். பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசினார். கண்ணாடிக்குள் பாடம் செய்த புலி ஒன்று வாயைத் திறந்தபடி நின்றிருந்தது. அதன் முன்னால்தான் எங்களைக் கூட்டி வந்தவர் அன்றைக்கு முதல் தடவையாகத் தானாக நாலு வார்த்தை பேசினார்.

"தப்பா தெச்சிகிறாங்க. கோவமா வாய தொறந்தா காது பின்னால போவணும். இது காத நேரா நிமித்திகினு நிக்குது. நெஜப் புலி இப்படி நிக்காது."

"நீ இன்னா புலிய கட்டி மேச்சியா?" என்றார் மாமா.

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். "எங்கியோ படிச்சேன்" என்றார். ஆனால் காலையிலிருந்து நான் பார்த்த வரைக்கும் அவர் எந்த போர்டையும் படிக்கவில்லை. பஸ்ஸின் நம்பரைக்கூட அடுத்தவரிடம் கேட்டுத்தான் ஏறினார். நானாவது எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எழுத்து வேலைக்காரர் என்று எங்களிடம் சொன்னார்கள்.

சென்ட்ரலுக்குத் திரும்பி வந்தபோது வண்டிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. மூர் மார்க்கெட் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் குரங்கு மாதிரி நடந்து காட்டிக்கொண்டே போனான். மாமா அந்தப் பையனின் அப்பாவை நிறுத்தினார்.

"எங்கேர்ந்துப்பா வர்றீங்கோ?"

"உயிர் காலேஜ்லேர்ந்துதான்."

"இன்னிக்கு லீவு இல்லியா?"

"யாரு சொன்னது?"

மாமா திரும்பி அவரைப் பார்த்தார். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஏன் மாப்ளே?" என்றார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விடுவிடு என்று நடந்தார். நான் பின்னால் போனேன். அவர் ஓடிப்போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

உள்ளே நுழைந்ததும் பீச்சில் அவர் மேல் வந்த அதே வாடை அடித்தது. அந்த இடத்திலேயே பாதி விளங்கிவிட்டது. இருந்தாலும் நான் பெண்ணையும் குழந்தையையும்தான் தேடினேன். வேலிக்குப் பக்கத்தில் முறுக்கு விற்கிறவள், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒருத்தியும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரடிக் கூண்டுக்கு முன்னால் ஒரு கூட்டம். உள்ளே கரடி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேழ்வரகுக் களி உருண்டை தட்டில் அப்படியே கிடந்தது. ஈ மொய்த்தது. ஜனங்கள் வேர்க்கடலை வீசினார்கள், கை தட்டினார்கள், அது அசையவில்லை.

நாங்கள் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றோம். அவர் எனக்கும் பின்னால் நின்றார். எப்படித் தெரிந்ததோ, கரடி மூக்கைத் தூக்கியது. திரும்பியது. இரண்டு காலில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு மேலே பார்த்து ஒரு சத்தம் போட்டது. முன்னால் நின்ற பிள்ளைகள் அலறிக்கொண்டு சிதறினார்கள். அவர் இந்தப் பக்கம் ஒதுங்கினால் அதுவும் கம்பியோடு இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம்.

காக்கி நிஜார் போட்ட ஒருவர் வாளியோடு ஓடி வந்தார். எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் கத்தினார். "டேய்! ஊர்லேர்ந்து பொண்ணு ஊட்டுக்காரங்க வராங்கன்னு லீவு போட்டுட்டு இங்கியே சுத்திகினு கீறியா? காலையிலேர்ந்து ஒரு வாய் துன்னல இது. என் கையில குடுத்தா தட்டுது. வாடா இங்க!"

பிறகுதான் எங்களைப் பார்த்தார். "இவுங்க யாரு?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். எங்களோடு வந்தவர் அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பொரி உருண்டைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, பனியனோடு கூண்டின் பின்பக்கம் போனார். களியைப் பிசைந்து, பொரி உருண்டையை நொறுக்கிப் போட்டு உருட்டினார். கம்பி வழியாக ஒவ்வொரு வாயாகக் கொடுத்தார். அது அவர் கையிலேயே தின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். அவர் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்து என்னிடம் சட்டையை வாங்கிக்கொண்டபோது மாமா வெடித்தார். "சர்க்கார் உத்தியோகம்னியே!"

"சர்க்கார் உத்தியோகந்தாங்க. கூண்டு கழுவறது, கறி வெட்டிப் போடறது. கரடி, புலி ரெண்டும் என் கையிலதான்."

"ஆபீஸ்ல எழுதறன்னு சொன்ன?"

"நான் சொல்லலீங்க. வளையல்காரம்மா சொன்னாங்க. இல்லன்னு நான் சொல்லல. முன்ன ரெண்டு எடத்துல நெஜத்த சொன்னாங்க. புலிக்கு மாட்டுக்கறி வெட்டறவன் கையால எங்க பொண்ணு கழுத்துல தாலியான்னு கேட்டு அனுப்பிட்டாங்க."

நான் அன்று முழுக்க அவரிடம் கேட்க நினைத்த கேள்வி அங்கேதான் வெளியே வந்தது. "கையில அந்தக் கீறல்?"

"இது பண்ணதுதாங்க. போன வாரம். வெளையாட்டுக்கு."

"ஊட்டுல வேற யாராவது?"

"அம்மா மட்டுந்தான்." அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீங்க எத்த கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியுதுங்க. வளையல்காரம்மா உங்க ஊட்டுல நடந்தத சொல்லிகிறாங்க. அப்படில்லாம் ஒண்ணும் இல்ல."

ரயிலில் மாமா கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஓயவில்லை. "வேணாம் நைனா. மிருகத்துக்குச் சோறு போடறவன் ஊட்டுக்குப் பொண்ணு குடுத்தா நாளைக்கு ஆரம்பாக்கத்துல என் மூஞ்சில துப்புவாங்க. டப்பு இல்லன்னா கூடப் பரவால்ல, இந்த வேல வேணாம்." பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை என்று அவர் சொன்னதை நம்பலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வேலையை மறைத்தவன் வேறு எதை மறைக்கமாட்டான்?

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். பொரி உருண்டையிலிருந்து கரடி வரைக்கும் ஒன்று விடாமல். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தங்கை அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் எழுந்து வந்தாள்.

"அவரு வரட்டும்" என்றாள்.

"எதுக்கு?"

"அந்தம்மா சொல்லி, நீ சொல்லி, மாமா சொல்லி நான் கேக்கணுமா? அவரு வாயாலயே அம்மாகிட்ட சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன்."

மாமா, "இதெல்லாம் நம்ப வழக்கத்துல இல்ல" என்றார். தங்கை அவருக்குப் பதில் சொல்லாமல் போய்ச் சோறு வடித்தாள். மறுநாள் வளையல்காரம்மாளிடம் அவளே சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொருவருக்கு முறை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். இந்தத் தடவை சொந்தச் சட்டை. பழையதுதான், ஆனால் தோளுக்குச் சரியாக இருந்தது. பவுடர் இல்லை. அம்மா பாய் விரித்தாள். தெருவில் இரண்டு பெண்கள் எங்கள் வேலி ஓரமாக நின்று பேசுவது போல நின்றார்கள். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லி அனுப்பத் தயாராக.

அவர் அம்மாவிடம் சொன்னார். கூண்டு கழுவுகிற வேலை. கறி வெட்டுகிற வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளம் மாதா மாதம் வரும். வேலி ஓரம் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அது அவருக்கும் கேட்டிருக்கும். அவர் நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து தங்கை குரல் வந்தது. "வேற இன்னா இன்னா பொய் சொல்லிகிறாங்க? இப்பவே சொல்லிடச் சொல்லும்மா."

அவர் யோசித்தார். பெண்டாட்டி பிள்ளை விஷயம் இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன்.

"வயசு" என்றார். "இருபத்தெட்டுன்னு சொல்லியிருப்பாங்க. எனக்கு முப்பத்திரண்டு ஆய்ட்டுதுங்க."

மாமா எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியா! பாத்தியா! நான் சொன்னனா இல்லியா? இன்னும் தோண்டினா இன்னும் வரும்!"

"உக்காரு மாமா" என்றாள் தங்கை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவரைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துப் பேசினாள். "எனக்கு இருபத்தொண்ணுன்னு அந்தம்மாகிட்ட சொன்னது யாரு? நீதான? எனக்கு இருபத்தஞ்சு ஆவுது. அத்த யாராவது அவருகிட்ட சொன்னீங்களா?"

மாமா உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தவர் பாயில் ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலிருந்து எங்களை விசாரிக்க யாரும் வந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு யாரும் சொல்லல" என்றார் அவர். "ஆனா பரவால்ல."

தங்கை அம்மாவிடம், "டீ போடும்மா" என்றாள். "சக்கர இல்ல. ண்ணா, நீ போய் வாங்கினு வா."

நான் வெளியே வந்தேன். வேலி ஓரத்துப் பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "யாருப்பா ஊட்டுக்கு வந்துகிறது?" என்று கேட்டார்.

"தங்கச்சிக்குப் பாத்துகிற மாப்பிள்ள" என்றேன்.

"இன்னா வேல?"

"மெட்ராஸ் உயிர் காலேஜ்ல கரடிக்குச் சோறு போடறாரு. புலிக்குக் கறி வெட்டறாரு."

கடைக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் விளையாட்டாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. "நெஜமா சொல்லு, இன்னா வேல?" என்றார்.

திரும்பவும் அதையே சொன்னேன். அவர் நம்பவில்லை.